பதினாறு வயசுக்கு எந்த அலமாரி?

பாஸ், ஒரு சின்னக் கேள்வி. உங்க ஊர் நூலகத்துல பதினாறு வயசுப் பையனுக்கோ பொண்ணுக்கோ எந்த அலமாரி?

சின்னப் பசங்களுக்கு ஒரு மூலை உண்டு. தெனாலிராமன், பஞ்சதந்திரம், அட்டை கிழிஞ்ச படக்கதை. பெரியவங்களுக்குப் பேப்பர் மேஜை. வேலை தேடுறவங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. கைடு அடுக்கின ரேக். ஆனா எட்டாவதுக்கும் காலேஜுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஜீவன் உள்ளே வந்தா? குழந்தைகள் மூலையில உட்கார வெட்கம். கைடு பக்கம் போக வயசு பத்தாது. பேப்பர் மேஜையில இருக்கிற தாத்தா கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க... அவ்வளவுதான், பையன் அபௌட் டர்ன்!

இது எல்லா ஊர்லயும் இருக்கிற கதைதான். ஆனா எங்க பக்கம் இதுக்கு விலை கொஞ்சம் அதிகம். ஏன்னு சொல்றேன்.

ஆபீஸும் அலமாரியும்

எங்க பக்கம்னா விருதுநகர் மாவட்டம், ஆனைக்குட்டம். அர்ஜுனா நதிக்குக் குறுக்கே அணை இருக்கிற ஊர். இங்கிட்டுத் திரும்பினா திருத்தங்கல், சிவகாசி. அங்கிட்டுத் திரும்பினா விருதுநகர். நடுவுல கரிசல் காடும் ஆபீஸுகளும். வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு டிப்ஸ்: எங்க ஊர்ல 'ஆபீஸ்'னா ஏ.சி. ரூமும் சுத்துற நாற்காலியும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ், ஃபயர் ஆபீஸ். காலையில வேன் வரும், அம்மாக்கள் தூக்குவாளியோட ஏறுவாங்க.

ஒரு காலத்துல அந்த வேன்ல குழந்தைகளும் ஏறினாங்க. 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'னு 1990-ல் சலம் பென்னுர்கர் எடுத்த ஆவணப்படம் அதைத்தான் காட்டுச்சு. 1996-ல் எழுத்தாளர் பூமணி இயக்கின 'கருவேலம் பூக்கள்' படத்துக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற பிள்ளைகள்தான் கதை. அதுக்கப்புறம் நிறைய மாறிடுச்சு. பள்ளிக்கூடம், சத்துணவு, சட்டம், சோதனைன்னு பல பேரோட உழைப்பு அது.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-ல் ஒரு பெரிய திருத்தம் வந்தது. 14 வயசு முடிஞ்சு 18 முடியாதவங்களுக்கு அதுல ஒரு தனிப் பெயரே கொடுத்தாங்க: வளரிளம் பருவத்தினர். இவங்களைச் சுரங்கத்துலயோ, தீப்பிடிக்கிற பொருள், வெடிபொருள் சம்பந்தப்பட்ட வேலையிலயோ வைக்கக் கூடாது. அதாவது, எங்க ஊர்ல கண்ணுக்கு முன்னாடி இருக்கிற முக்கியமான வேலை பதினெட்டு வரைக்கும் அவங்களுக்குக் கிடையாது. சரியான சட்டம். சந்தேகமே இல்லை.

ஆனா பாருங்க, எங்கே போகக் கூடாதுன்னு சட்டம் சொல்லிடுச்சு. எங்கே போகலாம்னு யார் சொல்றது? பள்ளிக்கூடம் சாயங்காலம் மூடிடும். பத்தாவதோடயோ பன்னிரண்டாவதோடயோ படிப்பு நின்னு போனவங்களுக்கு அதுவும் இல்லை. டீக்கடை, கண்மாய்க்கரை, போன். பொண்ணுங்களுக்கு அதுல முதல் ரெண்டும் கிடையாது. சட்டம் இந்த வயசுக்குத் தனியா ஒரு பெயர் வைத்த மாதிரி, நூலகமும் தனியா ஒரு அலமாரி வைக்கலாமே? இந்தக் கட்டுரையே அதுக்காகத்தான்.

ஸ்லைடர் வேணாம் பாஸ்!

நான் படிக்கிறது கம்ப்யூட்டர் சயின்ஸ். கம்ப்யூட்டர் படிக்கிறவன்னு தெரிஞ்சா சொந்தக்காரங்க பிரிண்டர் ரிப்பேருக்குக் கூப்பிடுவாங்க. ஆனைக்குட்டம் பக்கத்துல ஒரு ஊரு நூலகர் அக்கா என்னைக் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு.

"தம்பி, புரோட்டா கடைக்கெல்லாம் வெப்சைட்டு இருக்கு. நம்ம நூலகத்துக்கு ஒண்ணு போட்டா என்ன? அப்படியே பத்தாவது, பன்னெண்டாவது புள்ளைகளுக்கு என்ன படிக்கலாம்னு ஒரு லிஸ்ட்டும் போட்டுருங்க."

நாங்க நாலு பேர் கூடினோம். ஒருத்தன் உடனே நோட்டுல படம் போட்டுட்டான். மேலே ஓடுற படங்கள், கீழே ஓடுற எழுத்து, நடுவுல திருவள்ளுவர், ஓரத்துல வருகையாளர் எண்ணிக்கை. கூட இருந்த தோழி அதைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "சரி... இதை யாரு, எப்போ, எந்த போன்ல பார்ப்பாங்க?"

அந்தக் கேள்வியோடதான் ரெண்டு வாரம் ஊர் சுத்தினோம். பள்ளிக்கூட கேட், பஸ் ஸ்டாப், கிரவுண்டுன்னு பசங்களைப் பிடிச்சுப் பேசினோம். நிறைய வீட்டுல போன் ஒண்ணுதான். அது அப்பாவோடயோ அம்மாவோடயோ வேலைக்குப் போயிடும். சாயங்காலம் திரும்பி வந்து, சீரியல் முடிஞ்சு, அண்ணன் ஒரு ரவுண்டு பார்த்து, தம்பி ஒரு கேம் ஆடி, நம்ம கைக்கு வரும்போது மணி எட்டு, எட்டரை. நூலகம் பூட்டியிருக்கும்!

இங்கேதான் வெப்சைட் திட்டமே திரும்புச்சு. நூலகம் மூடின பிறகு திறக்கிற நூலகமா அது இருக்கணும். அதனால முதல் பக்கத்துல மூணே மூணு விஷயம். ஒண்ணு, நாளைக்கு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும். ரெண்டு, நான் தேடுற புத்தகம் அலமாரியில இருக்கா, வெளியில போயிருக்கா. மூணு, 'எனக்கு எடுத்து வைங்க'ன்னு ஒரு பட்டன். ராத்திரி எட்டரைக்கு அழுத்தினா, மறுநாள் அக்கா திறந்ததும் புத்தகம் மேஜைக்கு வந்துரும். ஓடுற படம் ஒண்ணுகூடக் கிடையாது. டேட்டா தீரப்போற போன்லயும் சட்டுனு திறக்கணும்ல?

இதையெல்லாம் எங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டார். சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் நூலகர் ஆனார். லண்டன் போன இடத்துல, துண்டுகளை இணைச்சு என்ன வேணாலும் செய்யற மெக்கானோ பொம்மையைக் கடையில பார்த்தார். அந்த ஐடியாவிலிருந்து புத்தகங்களைப் பகுக்கிறதுக்கு ஒரு முறையையே உருவாக்கினார். 1931-ல் அவர் எழுதின ஐந்து விதிகளை இன்னிக்கும் உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் படிக்கிறாங்க. புத்தகங்கள் பயன்படுத்தறதுக்காக. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளர்ற உயிர்.

நாலாவது விதியைத் திரும்பப் படிங்க. அதுதான் வெப்சைட்! இன்டர்நெட் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடி எழுதின விதி.

தேடுற விஷயத்துல ஒரு உள்குத்து இருக்கு. கி. ராஜநாராயணன்னு ஒருத்தர் தேடுவார், இராஜநாராயணன்னு இன்னொருத்தர், கி.ரா.ன்னு மூணாவது ஆள். பதிவேட்டுல எது இருக்கோ அதை அடிச்சாத்தான் புத்தகம் வரும். இல்லாட்டி 'முடிவுகள் இல்லை'ன்னு கம்ப்யூட்டர் கைவிரிச்சிடும். பையன் புத்தகமே இல்லைன்னு நினைச்சுப் போயிடுவான். அதனால ஒரு எழுத்தாளருக்கு எத்தனை விதமா பேர் எழுதுவாங்களோ அத்தனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டு போற மாதிரி பட்டியல் போடணும். சாஃப்ட்வேருக்குக் காசு வேணாம். 'கோஹா'ன்னு இலவச மென்பொருள் இருக்கு. நியூசிலாந்துல ஒரு சின்ன நூலக அமைப்புக்காக எழுதினது, 2000 ஜனவரியில ஓட ஆரம்பிச்சு இப்போ உலகம் முழுக்க ஓடுது. மாவோரி மொழியில 'கோஹா'ன்னா அன்பளிப்பாம். காசு வேணாம், ஆனா உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமா டைப் அடிக்க ஆள் வேணும். அதுக்குத்தான் நாம இருக்கோமே!

இன்னொரு விஷயம். வெப்சைட்டுக்கு ஒரு காகிதத் தம்பியும் வேணும். அதே பட்டியல், ஒரே தாள்ல அச்சடிச்சு, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பள்ளிக்கூட போர்டு மூணு இடத்துலயும். போனே இல்லாத பிள்ளைக்கும் தெரியணுமே. காலண்டர், டைரி, நோட்டுன்னு நாட்டுக்கே அச்சடிச்சு அனுப்புற சிவகாசிக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு ஒரு தாளுக்குப் பஞ்சம்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?

மாட்டு வண்டி டு குதிரை வண்டி

வெப்சைட்டை விடக் கஷ்டம் லிஸ்ட்டுதான். ஏன்னா 'படிக்க வேண்டிய நூறு புத்தகங்கள்'னு யாராவது நீட்டினாலே நமக்கு அலர்ஜி. 'வேண்டிய'ங்கிற வார்த்தையிலயே ஹோம்வொர்க் வாசனை!

இந்த வேலையை மத்தவங்க எப்படிச் செஞ்சாங்கன்னு தேடினேன். நியூயார்க் பொது நூலகம் 1929-லேயே டீன்ஏஜ் வாசகர்களுக்குன்னு தனிப் பட்டியல் போட ஆரம்பிச்சிருக்கு. பால்டிமோர் நகர நூலகத்துல மார்கரெட் எட்வர்ட்ஸ்னு ஒரு அம்மா. 1940-களில் குதிரை வண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஏழைகள் இருக்கிற தெருவுக்கே போனாங்க. அவங்க நூலகத்துல இளைஞர் பகுதியில வேலை பார்க்கணும்னா ஒரு கண்டிஷன். அந்த வயசுக்கான புத்தகங்களை முதல்ல நீ படிச்சிருக்கணும். அட்டையைப் பார்த்துட்டு 'நல்லா இருக்கும்ப்பா'ன்னு தள்ளிவிடற வேலையே கூடாது.

குதிரை வண்டின்னதும் அமெரிக்காவைப் பார்த்து வாயைப் பிளக்க வேணாம். அதுக்கு முன்னாடியே, 1931-ல், மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டி நூலகம் கிளம்பிடுச்சு. கனகசபைப் பிள்ளை முயற்சி, ரங்கநாதன் பக்கபலம். ஊர் ஊரா வண்டி போய்ப் புத்தகம் கொடுத்து, திரும்ப வாங்கிட்டு வரும். நம்ம ஆளுங்க எப்பவோ செஞ்ச வேலை!

சமீபத்துல நம்ம அரசுப் பள்ளிகள்ல 2023-ல் ஆரம்பிச்ச வாசிப்பு இயக்கமும் எனக்குப் பிடிச்சது. சின்னச் சின்னப் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற'ன்னு நாலு படியா பிரிச்சிருக்காங்க. இதுல ஒரு மரியாதை இருக்கு. பத்தாவது படிக்கிறவன் கைல 'மூணாம் வகுப்புக்கானது'ன்னு ஒரு புத்தகத்தைக் கொடுத்தா அவன் அதோட செத்தான். 'நட'ன்னு கொடுத்தா நடப்பான். அடுத்த மாசம் ஓடுவான். எங்க லிஸ்ட்டுலயும் வகுப்பு, வயசு எதுவும் போடாம இந்த நாலு படிகளை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

கூடவே ஒரு கறார் விதி. அலமாரியில இல்லாத புத்தகம் லிஸ்ட்டுல இருக்கக் கூடாது. ஆசையைக் காட்டிட்டு 'ஸ்டாக் இல்லை'ன்னு சொல்றதுக்கு அது என்ன தீபாவளி ஆஃபரா? கையில இல்லாதது, ஆனா இலவசமா சட்டப்படி படிக்கக் கிடைக்கிறதுன்னா அதுக்கு மட்டும் தனி இடம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் இருக்கு. 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் இருக்கு. நாட்டுடைமை ஆன கல்கி, புதுமைப்பித்தன் எல்லாம் போன்லயே படிக்கலாம்.

நம்ம ஊர் ஆளுங்கப்பா!

லிஸ்ட்டு முழுசா இங்கே போட இடம் இல்லை. சாம்பிளுக்குச் சிலது.

'அசுரன்' பார்த்தாச்சா? 2019-ல் தியேட்டரே அதிர்ந்துச்சு இல்ல? அதோட மூலம் பூமணியோட 'வெக்கை'. 1982-ல் வந்த நாவல். பதினைஞ்சு வயசுச் சிதம்பரமும் அவன் அப்பாவும் ஓடி ஒளியற நாட்கள்தான் கதை. படத்துல தனுஷ் ஹீரோ. புத்தகத்துல உங்க வயசுப் பையன்தான் ஹீரோ. அவன் ஒளியற காடு நம்ம கரிசல் காடு. 'ஓடு' வரிசை.

அடுத்தது ச. தமிழ்ச்செல்வனோட 'வெயிலோடு போய்'. சில பக்கம்தான் இருக்கும் சிறுகதை. அதிலிருந்துதான் இயக்குநர் சசி 2008-ல் 'பூ' எடுத்தார். மாமனையே நினைச்சுக்கிட்டு வாழற மாரியை மறக்க முடியுமா? படிச்சு முடிச்சிட்டு அரைமணி நேரம் யார்கிட்டயும் பேசத் தோணாது. 'நட' வரிசை, ஆனா மனசு கனக்கும்.

மேலாண்மை பொன்னுச்சாமி. இவரைப் பத்திச் சொல்லும்போதுதான் கிரவுண்டுல பசங்க பந்தை நிறுத்தினாங்க. நம்ம மாவட்டம் மேலாண்மறைநாடு. பள்ளிக்கூடம் போனது அஞ்சாவது வரைக்கும்தான். ஊர்ல சின்னதா ஒரு கடை வச்சிருந்தார். கடையில உட்கார்ந்தே எழுதினார். 'மின்சாரப்பூ' சிறுகதைத் தொகுப்புக்கு 2007-ல் சாகித்ய அகாதமி விருது. படிப்பு நின்னு போச்சுன்னா வாழ்க்கையே நின்னு போச்சுன்னு நினைக்கிற பிள்ளைகள்கிட்ட இவரைச் சொல்லிப் பாருங்க. அட்வைஸ் எதுவும் தேவைப்படாது.

மல்லாங்கிணறுகாரர் எஸ். ராமகிருஷ்ணன். 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018-ல் சாகித்ய அகாதமி. அதைத் தொடறதுக்கு முன்னாடி அவரோட 'துணையெழுத்து' கட்டுரைகளைத் தொடலாம். ஊர் சுத்தணும்னு கால் பரபரக்கும்.

சோ. தர்மனோட 'சூல்'. 2019-ல் சாகித்ய அகாதமி வாங்குன நாவல். ஒரு கண்மாயும் அதை நம்பி வாழ்ந்த ஊரும். தடிமன் புத்தகம், 'பற' வரிசை. அணைக்குப் பக்கத்துல பிறந்துட்டு இதைப் படிக்கலைன்னா எப்படி? தண்ணி இல்லாத வருஷத்துல அணையைப் பார்த்தவங்களுக்கு இந்தப் புத்தகம் தனியா ஒண்ணு சொல்லும்.

காமிக்ஸ் இல்லாம டீன்ஏஜ் லிஸ்ட்டா? முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோட கிளம்பினது சிவகாசியிலதான். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்ததும் அங்கேதான். உலகத்து ஹீரோக்கள் எல்லாம் தமிழ் கத்துக்கிட்டது நம்ம பக்கத்து ஊர் அச்சகத்துலங்க! 'காமிக்ஸெல்லாம் புத்தகமா?'ன்னு கேட்கிற பெரியவங்க, அவங்க சின்ன வயசுல அதைப் பாடப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சதை மறந்துட்டாங்க. 'நுழை' வரிசையில முதல் இடம்.

வெளியிலிருந்து ரெண்டு. ஜப்பான்லேர்ந்து 'டோட்டோ சான்'. வகுப்புல சும்மா உட்கார முடியலைன்னு முதல் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிடப்பட்ட சின்னப் பொண்ணு, ரயில் பெட்டியில நடக்கிற பள்ளிக்கூடத்துல சேர்ற நிஜக் கதை. இரா. நடராசனோட 'ஆயிஷா'. மெல்லிசான புத்தகம், ஒரே மூச்சுல முடியும். கேள்வி கேட்கிற ஒரு மாணவியோட கதை.

இலக்கியம் மட்டும்தானான்னு கேட்காதீங்க. டூ வீலர் மெக்கானிசம், தையல், ஆரி வேலை, கேக், செஸ், கிரிக்கெட், மொபைல் சர்வீஸ். அலமாரியில இருக்கிற எல்லாத்துக்கும் லிஸ்ட்டுல இடம் உண்டு. வண்டி ரிப்பேர் புத்தகம் தேடி வந்த பையன்கிட்ட 'முதல்ல நாவல் படி'ன்னு சொன்னா ரங்கநாதனோட ரெண்டாவது விதி என்னாகிறது?

ஒரு வரி போதும்

இந்தப் புத்தகங்களை யார் சிபாரிசு பண்றது? நாங்களா? இல்லை. இருபது வயசான நாங்க பதினஞ்சு வயசுக்காரங்க கண்ணுக்குப் பாதி மாமா! அக்கா? அவங்க சொன்னா 'டீச்சர் சொல்ற மாதிரி' ஆகிடும். படிச்ச பசங்களே சொல்லணும். அமெரிக்க நூலகச் சங்கத்தோட இளையோர் பிரிவு 'டீன்ஸ் டாப் டென்'னு ஒரு பட்டியல் போட்டாங்க. அதுல புத்தகங்களை முன்மொழியறதும் டீன்ஏஜர்கள், ஓட்டுப் போடறதும் டீன்ஏஜர்கள்.

எங்க திட்டம் அதைவிடச் சிம்பிள். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளேயும் ஒரு சீட்டு. படிச்சவர் ஒரே ஒரு வரி எழுதலாம். கதைச் சுருக்கம் வேணாம். 'அருமை, சூப்பர்' வேணாம். யாருக்குப் பிடிக்கும், எந்த இடத்துல விட்டுடத் தோணும், ஏன் விடக் கூடாது. அவ்வளவுதான். பிடிக்கலைன்னாலும் எழுதலாம். சோதனைக்கு நாலு சீட்டு வச்சுப் பார்த்தோம். 'வெக்கை'க்குள்ள ஒரு பையன் எழுதியிருந்தான்: "முதல் பத்துப் பக்கம் பேச்சு புரியலேன்னா எங்க தாத்தாகிட்ட கேளுங்க. எனக்கு அவருதான் அர்த்தம் சொன்னாரு." சொல்லுங்க பாஸ், எந்த விமர்சகர் இப்படி எழுதுவார்?

சீட்டுல பேர் வேணாம், போட்டோ வேணாம், ஸ்கூல் வேணாம். இதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு. 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயசுக்குக் கீழே எல்லாரையும் குழந்தைன்னுதான் சொல்லுது. அவங்க விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேணும். சட்டம் இருக்கட்டும். ஒரு பதினோராம் வகுப்புப் பொண்ணு எங்ககிட்ட கேட்டது இன்னும் பெரிய காரணம். "அண்ணே, நான் எந்தப் புக்கு எடுத்தேன்னு நெட்டுல வருமா? எங்க மாமாவுக்குத் தெரிஞ்சா 'இதெல்லாமா படிக்கிற'ம்பாரு." உடல், மனசு, காதல், கோபம்னு அந்த வயசுல தேடுற விஷயங்களுக்கு யாரைக் கேட்கன்னு தெரியாமத்தானே புத்தகத்துக்கு வர்றோம்? யார் எதை எடுத்தாங்கங்கிறது அக்காவோட பதிவேட்டைத் தாண்டக் கூடாது. திட்ட நோட்டுல இதைச் சிவப்பு மையில எழுதிட்டோம்.

அக்காவுக்கும் ஒரு கவலை. "நல்லாத்தான் இருக்கு தம்பி. கதவைத் திறக்கிறதும் நான், கூட்டுறதும் நான், பதிவேடு எழுதறதும் நான். நீங்க படிப்பு முடிஞ்சு மெட்ராஸ், பெங்களூருன்னு போயிட்டா இதை யாரு பார்ப்பா?"

நியாயமான கேள்வி. திறப்பு விழாவுக்கு அப்புறம் யாருமே கை வைக்காம, 'புதிய வரவு'ன்னு பழைய வரவைக் காட்டிக்கிட்டுக் கிடக்கிற வெப்சைட் எத்தனை பார்த்திருக்கோம்! அதனால வாரத்துக்கு ஒரே ஒரு புத்தகம், ஒரே ஒரு சீட்டு. பத்து நிமிஷ வேலை. ஊர்லயே இருக்கிற பதினோராம் வகுப்புப் பசங்க ரெண்டு பேருக்கு இப்பவே கத்துக் கொடுக்கிறோம். அவங்க பன்னிரண்டாவது போறப்போ அடுத்த ரெண்டு பேரைத் தயார் பண்ணணும். ஒரு மாசம் யாரும் கை வைக்கலைன்னா, லிஸ்ட்டு தானா மறைஞ்சு, திறக்கிற நேரமும் முகவரியும் மட்டும் நிக்கற மாதிரி புரோகிராம். ஊசிப்போனதைப் பரிமாறக் கூடாது இல்லையா?

"புக்கும் வருமா?"

ஊர் சுத்தின நாட்கள்ல ஒரு வீட்டு வாசல்ல கேட்ட கேள்விதான் திட்டத்தோட கடைசிப் பக்கத்தை எழுத வச்சது. பத்தாவதோட நின்னவள். வயசு பதினேழு. அம்மா ஆபீஸுக்குப் போறதால வீட்டையும் தம்பியையும் பார்த்துக்கிறாள். நூலகம் அவ வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனா 'பொம்பளப் புள்ளைக்குத் தனியா அங்கிட்டு என்ன வேலை'ன்னு சொல்லிட்டாங்க. நாங்க வெப்சைட்டைப் பத்தி, பட்டனைப் பத்தி எல்லாம் உற்சாகமா சொல்லி முடிச்சோம். அவ பொறுமையா கேட்டுட்டு, "வெப்சைட்டு வந்தா புக்கும் வருமா?"ன்னா.

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

வரணும். அதுக்கு வழியும் இருக்கு. பொது நூலகத் துறை 2022-ல் 'நூலக நண்பர்கள்' திட்டத்தை ஆரம்பிச்சது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், வீட்டை விட்டு வர முடியாத பெண்கள்னு எல்லாருக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிற திட்டம். மாட்டு வண்டியோட பேரன்னு வச்சுக்கோங்களேன்! அதனால 'எடுத்து வைங்க'க்குப் பக்கத்துல இன்னொரு பட்டன்: 'வீட்டுக்கு வேணும்'. எங்க நாலு பேர்ல இருக்கிற தோழியும், அவ சேர்க்கிற இன்னும் சில பொண்ணுங்களும் தன்னார்வலர்களா பேர் கொடுக்கப் போறாங்க. பொண்ணு கொண்டு போனா வீட்டுல கதவு திறக்கும்.

அணையில தண்ணி இருந்தா மட்டும் போதாது, வாய்க்கால் இருந்தாத்தான் வயலுக்குப் போகும்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டுல 4,600-க்கும் மேல பொது நூலகங்கள் இருக்கு. சுதந்திர இந்தியாவுலயே முதல் முதல்ல நூலகச் சட்டம் போட்டது நாமதான், 1948-ல். சொத்து வரி 100 ரூபாய் கட்டினா அதோட 10 ரூபாய் நூலக வரின்னு உங்க வீட்டுலயும் சேர்த்துத்தான் கட்டறாங்க. அதாவது அந்தக் கட்டடத்துல உங்களுக்கும் பங்கு இருக்கு. தேங்கி நிக்கிற புத்தகத்துக்கு வாய்க்கால் வெட்டறதுதான் பாக்கி.

அதுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்லை. லீவுல ஊருக்குப் போறீங்களா? உங்க நூலகத்துக்குப் போங்க. பதினாறு வயசுக்குப் பிடிக்கும்னு தோணற பத்துப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுங்க. படிங்க. முக்கியம், முதல்ல நீங்க படிங்க! ஆளுக்கு ஒரு வரி எழுதி உள்ளே வைங்க. பத்தையும் ஒரே தட்டுல அடுக்கித் தரச் சொல்லி நூலகர்கிட்ட கேளுங்க. தர்றாங்களா இல்லையான்னு பாருங்க.

எங்க அக்கா பேப்பர் மேஜைக்கு எதிர்ல ஒரு தட்டைக் காலி பண்ணிக் கொடுத்துட்டாங்க. வர்ற சனிக்கிழமை முதல் பத்துப் புத்தகமும் அதுல ஏறுது. அன்னிக்கு சாயங்காலமே பதினேழு வயசுக்காரி கேட்ட 'ஆயிஷா' அவ வீட்டுக்குப் போகுது.